ஈரத்துக்கு ஒரு கிலோ

முதல் செய்தி வந்தபோது
குதிரைப்பந்தயத் திடலில் எட்டாவது சுற்று முடித்து
முழங்காலைப் பிடித்தபடி குனிந்திருந்தேன்.
நுவரெலியாக் குளிரில் வாய் புகைந்தது.
தெரியாத இலக்கம்.
முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ.

படத்தில் நான்.
முகாமின் மருந்தறைக் கட்டில், சுருட்டிய சட்டைக்கை,
பக்கத்தில் உடைத்த குப்பி, ஊசி.
"தங்கச்சி எதால ஓடுதுன்னு
கொழும்புக்குத் தெரிய வேணாமா?"
கீழே ஒரு வங்கிக் கணக்கு.
பத்தாயிரம் மட்டும்.
மட்டும் என்றுதான் எழுதியிருந்தான்.

அது இரும்புச்சத்து ஊசி.
எங்கள் லயத்தில் பாதிப் பெண்களுக்கு
இமையைக் கீழே இழுத்தால் வெள்ளைதான்.
டாக்டர் எழுதிய துண்டு இருந்தது,
துண்டில் முத்திரை இருந்தது.
தடைசெய்த மருந்துப் பட்டியலில்
அந்தப் பெயர் இல்லையென்று எனக்கே தெரியும்.
தெரிந்தும்
கட்டினேன்.

போட்டிக்கு இருபத்தாறு நாள்.
பேப்பரில் என் படம் வந்து
ஒரு மாதம்கூட ஆகவில்லை;
லயத்துச் சுவரில் பசைகூடக் காயவில்லை.

அடுத்த வாரம் இருபத்தைந்தாயிரம்,
சப்பாத்து வாங்க வைத்திருந்த காசு.
மூன்றாவது தடவை அவன் காசு கேட்கவில்லை.
"கடைசிச் சுற்றில
கால் பிடிச்சுக்கிட்டும்" என்றான்.

அன்றிரவு தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன்.
அம்மா கொப்பியில்
கொழுந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.
பறித்தது இருபத்தொன்று.
ஈரத்துக்கு ஒரு கிலோ.
சாக்குக்கு ஒரு கிலோ.
ஈரம் முன்பு அரைக் கிலோதானாம்.
இப்போது வெயில் நாளிலும் கழிக்கிறார்களாம்.

அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெயில் நாளிலும்.

சொன்னேன்.
ஊசியை, படத்தை, கட்டிய காசை,
கால் பிடிக்க வேண்டியதை.
அவள் பேனையை மூடவில்லை.

விடிந்ததும் எதை முதலில் செய்தேன் என்று
சரியாக நினைவில்லை.
அந்த இலக்கத்தைத் தடுக்கவில்லை.
ஒரு செய்தியையும் அழிக்கவில்லை.
நேரம், இலக்கம், வங்கிச் சீட்டு
எல்லாவற்றையும் படமெடுத்து
ஈட்டி எறியும் சஃப்னாவின் போனிலும் போட்டுவைத்தேன்.
அவள் முதலில் திட்டினாள்.
பிறகு நானூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டாள்.

ஊக்கமருந்துப் பிரிவுக்கு நானே போன் எடுத்தேன்.
"என்னைப் பற்றி ஒரு படம் வரும்,
அதுக்கு முந்தி நான் வாறேன்."
மறுமுனையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு
டாக்டர் துண்டை அனுப்பச் சொன்னாள்.
அவ்வளவுதான்.
பத்தொன்பது நாள் என் வயிற்றில் உருண்ட கல்
அவளுக்கு ஒரு கோப்பு இலக்கம்.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி
கையெழுத்துக் கேட்டார்கள்.
வாசிக்கத் தெரியாத தாளில் போடமாட்டேன் என்றேன்.
தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஹட்டனிலிருந்து வரும்வரை
வாங்கில் இரண்டு மணித்தியாலம்.
ஐயாயிரம் மீட்டர் அதைவிடக் கிட்ட.

பின்னேரம்
முகாமின் வாட்ஸப் குழுவில் படத்தை நானே போட்டேன்.
இது நான். இது ஊசி. இது துண்டு.
இதைக் காட்டி ஒருவர் காசு கேட்கிறார்.
பதினேழு பேர் பார்த்தார்கள்.
ஒரே ஒருவர் குழுவைவிட்டு விலகினார்,
என் கெண்டைக்காலுக்கு டேப் ஒட்டிவிடுகிறவர்.

ரோஜாப்பூவின் கீழே
'எழுதுகிறார்' என்று தோன்றியது,
மறைந்தது,
தோன்றியது.
பிறகு பூவும் இல்லை.

நாலாவதாக வந்தேன்.
கால் பிடிக்கவில்லை; மூச்சுப் போதவில்லை.
அந்த நாலாவது இடம் முழுக்க என்னுடையது.

அம்மா கேட்டது ஒன்றுதான்:
"அந்த முப்பத்தஞ்சாயிரம் திரும்பக் கெடைக்குமா?"
தெரியாது என்றேன்.

மறுநாள் தராசடியில்
பையைக் கொக்கியிலிருந்து கழற்றாமல் பிடித்துக்கொண்டு
"இன்னைக்கு வெயிலுங்க" என்றாளாம்.
கணக்குப்பிள்ளை
வானத்தைப் பார்த்தாராம்.